கரடி சீல் வெச்ச ஆட்சேபணை மனு

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு பேப்பரை பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, போட்டோ புடிச்சு தம்பிக்கு அனுப்பணும். அவ்வளவுதான்.

இடம்தான் கொஞ்சம் தூரம். லுப்லியானா.

அது எங்க இருக்குன்னு கேக்காதீங்க. இருபது நாள் இருந்துட்டு வந்த எனக்கே இன்னும் வாய்ல நுழையல. ஸ்லோவேனியான்னு ஐரோப்பாவுல ஒரு நாடு, அதோட தலைநகரம். என் பொண்ணு கயல் அங்க காட்டு மிருகங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றா. குறிப்பா கரடி. நான் குடவாசல் பக்கத்துல கிராம நர்ஸ். லீவு சேத்து வெச்சு பொண்ணைப் பாக்கப் போனேன்.

தலைநகரமாம்! நம்ம கும்பகோணத்துல ஒரு மகாமகக் குளத்தைச் சுத்தி வர்ற நேரத்துல அந்த ஊரோட பழைய டவுனை ரெண்டு தடவை சுத்திடலாம். கயல் ஏர்போர்ட்லயே சொல்லிட்டா.

"அம்மா, இங்க எல்லாம் நடந்தே போகலாம். நீ தொலைஞ்சு போகணும்னு நினைச்சாக்கூட முடியாது."

இந்தப் பொண்ணு என்னை சரியாப் புரிஞ்சுக்கவே இல்லை.

ஊருக்கு நடுவுல ஒரு ஆறு ஓடுது. மொத நாள் பாத்துட்டு, "இது எந்த ஆத்தோட வாய்க்கால்டி?"ன்னு கேட்டேன்.

"அம்மா, இதுதான் ஆறு."

"இதுவா? நம்ம குடமுருட்டியில பாதிகூட இல்லையே!"

"அதுல தண்ணி இருக்கும்மா."

அதுக்கப்புறம் ஆத்தைப் பத்தி நான் பேசுறதில்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணி. கயல் கரடி எண்ணப் போறேன்னு விடியும்போதே காட்டுக்குக் கெளம்பிட்டா. அங்க சிக்னல் கிடையாது. நான் ரசத்தைக் கூட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். தம்பி செல்வம் போன் பண்ணான்.

"அக்கா, அவசரம். நாளைக்கு காலையில பத்து மணிக்கு நம்ம நிலத்துக்கு விசாரணையாம். காலையிலதான் தலையாரி வந்து நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாரு."

"ஞாயித்துக்கிழமையில நோட்டீஸா?"

"தேதி போன மாசம் போட்டிருக்கு. ஆளு இன்னிக்குதான் வந்தாரு."

இந்த இடத்துல நிலத்தைப் பத்தி சொல்லிடணும். எங்கப்பா பண்ணையாளா இருந்தவரு. சங்கத்துல சேந்து, கொடி புடிச்சு, அடி வாங்கி, ரெண்டு தடவை ஜெயிலுக்கும் போய்ட்டு வந்த பின்னாடி, நில உச்சவரம்புச் சட்டத்துல எடுத்த நிலத்துல ஒரு ஏக்கருக்கு பட்டா குடுத்தாங்க. அப்பாவுக்கு அப்புறம் அது என் பேர்லயும் தம்பி பேர்லயும் கூட்டுப் பட்டா. தம்பிதான் பயிர் வைக்கிறான்.

அந்த வயல் வழியா இப்ப பைபாஸ் ரோடு வருதாம். மொதல்ல கல்லு நட்டது எங்க வயல்ல இல்லை. அந்தப் பக்கம், ஒரு கட்சிக்காரரோட மச்சான் தென்னந்தோப்புல. ஒரே வாரத்துல அந்தக் கல்லுக்கெல்லாம் காலு மொளைச்சு, வரப்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி, எங்க வயலுக்குள்ள வந்து நின்னுடுச்சு. ஆட்சி எத்தனையோ தடவை மாறிருக்கு. எந்த ஆட்சியிலயும் அந்தத் தோப்புப் பக்கம் ஒரு கல்லும் திரும்பிப் போனது கிடையாது.

"ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆட்சேபணை மனு குடுக்கணும்க்கா. இல்லாட்டி உனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்குவாங்க. வக்கீல் டைப் அடிச்சுக் குடுத்துட்டாரு. வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன். பிரிண்ட் போட்டு, கையெழுத்து போட்டு அனுப்பு. இங்க ஆறு மணிக்கு ஜெராக்ஸ் கடை மூடிருவான்."

அவங்க ஆறு மணின்னா எனக்கு மத்தியானம் ரெண்டரை.

"வெள்ளைத்தாள்ல கையால எழுதி அனுப்பிடட்டுமாடா?"

"அய்யோ வேணாம்! போன தடவை நீ எழுதின சர்வே நம்பர்ல ஏழை ஒண்ணுன்னு படிச்சு, பக்கத்து வயக்காரருக்கு ஆட்சேபணைன்னு பதிவாயிடுச்சு. அவரு இன்னும் என்கூட பேசுறதில்லை."

சரி, அது உண்மைதான். டாக்டருங்க கூடவே முப்பது வருஷம் வேலை பாத்தா கையெழுத்து அப்படித்தான் ஆகும்.

புடவை கட்டி, மேல கயலோட ஜாக்கெட்டை மாட்டி, காலுக்கு ஷூவைப் போட்டுக் கெளம்பினேன். தலைநகரத்துல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்காதா?

இல்லை.

இருந்ததும் மூடியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமையாம்! கடைத்தெரு முழுக்க ஷட்டர். நம்ம ஊர்ல ஒரு ஓட்டு வீட்டுல, மேல தகரம் போட்டு வெச்சிருக்கற ஜெராக்ஸ் கடை ஞாயித்துக்கிழமையும் தெறந்திருக்கு. இங்க நாட்டோட தலைநகரமே லீவு! தெறந்திருந்தது காபிக் கடை மட்டும்தான். ஊரே ஆத்தங்கரையில உக்காந்து, விரலளவு கப்புல காபியை வெச்சுக்கிட்டு, அதை ஒரு மணி நேரமா பாத்துக்கிட்டு இருந்துச்சு.

ஒரு ஆட்டோ புடிச்சு வேற ஏரியா பாக்கலாம்னு பாத்தா, டவுனுக்குள்ள வண்டியே விடமாட்டாங்களாம். அப்ப சத்தமே இல்லாம ஒரு பச்சை பேட்டரி வண்டி வந்துச்சு. அதை ஓட்டின பையன் என்னைப் பாத்து நிறுத்தி, "வாங்க, வயசானவங்களுக்கு இலவசம்"ன்னான்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயசு! இலவசம்னு சொன்னதால கோவத்தை அடக்கிக்கிட்டு ஏறினேன்.

அந்த வண்டியை தள்ளுவண்டியில குழந்தையைத் தள்ளிக்கிட்டு வந்த ஒரு அம்மா முந்திக்கிட்டுப் போனாங்க. ஒரு நாயும் முந்துச்சு. இருபது நிமிஷம் ஊர்வலம் போயி, பையன் நிறுத்தி இறக்கிவிட்டான். பாத்தா, நான் ஏறின அதே பாலம்.

"இதோட ரூட்டு முடிஞ்சுதுங்க"ன்னு சிரிச்சான்.

மணி பத்தரை. பக்கத்து காபிக் கடையில தட்டு எடுத்துக்கிட்டிருந்த பொண்ணுகிட்ட போனேன்.

"பிரிண்ட். எனக்கு பிரிண்ட் வேணும். எங்க?"

அந்தப் பொண்ணு மொகம் மலர்ந்துடுச்சு. "ஓ, பிரிண்ட்டா! பெரிய பார்க் இருக்கில்ல, அதுக்குள்ள ஒரு மாளிகை. இன்னிக்கு தெறந்திருக்கு. நடந்தே போகலாம்!"

பார்க்குக்குள்ள ஜெராக்ஸ் கடையான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. நம்ம ஊர்ல கோயில் மதிலை ஒட்டியே இருக்கு, இங்க மாளிகையில இருக்கக்கூடாதான்னு நடந்தேன்.

மாளிகைன்னா நெஜமாவே மாளிகைதான். உள்ள நுழைஞ்சா, வாசல்ல கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

"பிரிண்ட் எடுக்கணும்"னேன்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க!"ன்னு சொல்லி ஒரு நோட்டுல என் பேரை எழுதச் சொன்னாங்க. எழுதினேன். கறுப்பு ஏப்ரன் ஒண்ணைக் குடுத்து மாட்டிக்கச் சொன்னாங்க. மாட்டிக்கிட்டேன். இங்க சுத்தம் அதிகம், இங்க் படாம இருக்க ஏப்ரன் தர்றாங்க போலிருக்குன்னு மெச்சிக்கிட்டேன்!

உள்ள ஒரு பெரிய மேசை. ஏழெட்டு பேரு உக்காந்திருந்தாங்க. என் முன்னாடி ரப்பர் மாதிரி ஒரு பலகையையும் ஒரு சின்ன உளியையும் வெச்சாங்க. ஒரு தாடிக்காரர் நின்னு, அவங்க பாஷையில என்னமோ விளக்கிக்கிட்டிருந்தாரு. எல்லாரும் செதுக்க ஆரம்பிச்சாங்க.

நானும் செதுக்கினேன்.

ஏன்னு கேக்காதீங்க. ஊருக்கு ஊரு ஆபீஸ்ல ஒரு முறை இருக்கும். நம்ம தாலுகா ஆபீஸ்ல இதைவிட அர்த்தமில்லாததெல்லாம் செய்யச் சொல்லிருக்காங்க, செஞ்சிருக்கேன்.

கால் மணி நேரம் கழிச்சு தாடிக்காரர் என்கிட்ட வந்தாரு. "என்ன பிரிண்ட் பண்ணப் போறீங்க?"

அப்பாடா! போனை எடுத்துக் காட்டினேன். "இது."

மனுவைப் பாத்தாரு. 'நிலமெடுப்பு தனி வட்டாட்சியர் அவர்கள் சமூகத்துக்கு' அப்படின்னு ஆரம்பிக்குது. அவரு கண்ணு விரிஞ்சுடுச்சு. "எவ்வளவு அழகான எழுத்து! வட்டம் வட்டமா! இதுல எந்த எழுத்து வேணும்?"

"எல்லாமே."

"எல்லாமேவா?"

"முழுப் பக்கமும். கீழ சர்வே நம்பர் வரைக்கும்."

தாடியைத் தடவிக்கிட்டே கொஞ்ச நேரம் யோசிச்சாரு. கிண்டலே இல்லாம, ரொம்ப மரியாதையா சொன்னாரு. "நீங்க தெனமும் வந்தா, மூணு வாரத்துல செதுக்கி முடிச்சிடலாம். ஆனா எழுத்தையெல்லாம் திருப்பிப் போட்டு செதுக்கணும்."

அப்பதான் சுவத்துல மாட்டியிருந்த படங்களைப் பாத்தேன். அது ஓவியக் கண்காட்சி. நான் உக்காந்திருந்தது அச்சு ஓவியப் பயிற்சி வகுப்பு. பேப்பரு ரெண்டரை மணிக்குள்ள வேணும்னு நான் அங்க பலகை செதுக்கிக்கிட்டிருக்கேன்!

மணி பதினொன்னே முக்கால். எந்திரிச்சு ஓடினேன். பின்னாடி அந்தக் கண்ணாடி அம்மா எதோ கத்தினாங்க. நான் கதவைத் தாண்டி, வந்த வழின்னு நினைச்சு, அதுக்கு நேரெதிர் பக்கம் போயிட்டேன்.

அந்த ஊர்ல ஒரு கெட்ட பழக்கம். எங்க பார்க் முடியுது, எங்க காடு ஆரம்பிக்குதுன்னு சொல்றதே கிடையாது. நம்ம பக்கம் வேலியாவது இருக்கும், மாடாவது கட்டியிருக்கும். இங்க பூச்செடி, பெஞ்சு, புல்வெளின்னு வந்துக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு பாத்தா ரெண்டு பக்கமும் மரம். வெயிலையே காணோம். வழி மேல ஏறிக்கிட்டே போகுது. நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரி. பாலத்தைத் தவிர மேட்டுல ஏறிப் பழக்கமே இல்லை. பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குச்சு. மேல பறவை கத்துறதும் என் மூச்சும்தான் கேட்டுச்சு.

"இயற்கைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற ஊரு"ன்னு கயல் பெருமையா சொல்லுவா. பக்கத்துல இருக்கட்டும், அதுக்குன்னு உள்ளயே விட்டு ஆட்டணுமா?

ஒரு திருப்பத்துல நிமிந்து பாத்தேன். மரத்துல ஒரு பலகை. அதுல கரடி படம். பெரிய கரடி. கீழ அம்புக்குறி.

பொண்ணு எண்ணப் போயிருக்கற கரடி இந்தப் பக்கம் வந்துடுச்சா? அம்புக்குறி வலது பக்கம் காட்டுச்சு. கரடி வலது பக்கம் இருக்குன்னு அர்த்தம். நான் இடது பக்கம் ஓடினேன்.

ஐம்பது அடி போனா இன்னொரு பலகை. கரடி. கீழ நான் ஓடுற பக்கமே அம்புக்குறி.

என்னடா இது, சுத்தி வளைச்சுடுச்சா! புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, சரிவுல விழுந்தடிச்சு இறங்கினேன். எதிர்ல ஒரு கெழவர் ட்ரவுசர் போட்டுக்கிட்டு ஜாலியா ஓடி வந்தாரு. கரடின்னு இங்கிலீஷ்ல "பேர்! பேர்!"ன்னு கத்தினேன். அவரு நின்னு, என்னைப் பாத்து சிரிச்சு, "ஆமா, கீழதான். நல்லா இருக்கும், பாருங்க!"ன்னு சொல்லிட்டு ஓடிட்டாரு.

பைத்தியக்காரப் பயலுக ஊருன்னு நினைச்சுக்கிட்டே ஒரு வளைவு திரும்பினா, முன்னாடி டிக்கெட் கவுன்ட்டர். பலூன். ஐஸ்கிரீம் வண்டி. வரிசையா குழந்தைங்க.

மிருகக்காட்சிசாலை.

அந்தப் பலகையெல்லாம் வழிகாட்டி. கரடிகிட்டேருந்து தப்பிச்சு ஓடுறேன்னு நெனைச்சுக்கிட்டு, கரடி வீட்டு வாசலுக்கே ஓடி வந்திருக்கேன்.

பெஞ்சுல உக்காந்து அழலாமான்னு இருந்துச்சு. மணி ஒன்னு. அப்ப ஒரு குழந்தையோட வந்த அப்பா என்னைப் பாத்து, "சீலுக்கு எப்ப சாப்பாடு போடுவீங்க?"ன்னு கேட்டாரு. ஏன் என்கிட்ட கேக்குறாருன்னு குனிஞ்சு பாத்தா, கறுப்பு ஏப்ரன் இன்னும் மேலயே இருக்கு!

நிமிரும்போதுதான் அதைப் பாத்தேன். டிக்கெட் கவுன்ட்டருக்குள்ள, அந்தம்மாவுக்குப் பின்னாடி, ஒரு பிரிண்டர்.

வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு. கவுன்ட்டர்ல குட்டை முடி வெச்ச, சிரிப்புன்னா என்னன்னே தெரியாத ஒரு அம்மா.

"எத்தனை பேரு?"

"டிக்கெட் வேணாம். ஒரு பேப்பர் பிரிண்ட் வேணும்."

"இது மிருகக்காட்சிசாலை."

"தெரியும்."

"பிரிண்ட் கடை இல்லை."

"ஊர்லயே இல்லை!"ன்னு கத்திட்டேன். பின்னாடி நின்னவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. மெதுவா, தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். "இது எங்கப்பா நிலம். கவர்மென்ட்டு ரோடு போட எடுக்குறாங்க. நாளைக்குள்ள கையெழுத்து போடலைன்னா போயிடும்."

அந்தம்மா என் மொகத்தைப் பாத்தாங்க, ஏப்ரனைப் பாத்தாங்க, கையில ஒட்டியிருந்த ரப்பர் தூளைப் பாத்தாங்க. "ரோடா"ன்னு மட்டும் கேட்டாங்க. ஒரு துண்டுச் சீட்டுல ஈமெயிலை எழுதி நீட்டினாங்க. நான் அனுப்பினேன். பிரிண்டர் கரகரன்னு ஓடுச்சு. மனு வந்துச்சு.

மேல ஒரு கரடித் தலையோட.

பிரிண்டர்ல இருந்தது அவங்க ஆபீஸ் லெட்டர்பேடு. பச்சைக் கலர்ல வாயைத் திறந்த கரடி, அதுக்குப் பக்கத்துல அவங்க பாஷையில ரெண்டு வரி. அதுக்குக் கீழ 'நிலமெடுப்பு தனி வட்டாட்சியர் அவர்கள் சமூகத்துக்கு'.

"வெள்ளைத்தாள்?"

"இல்லை. அடுத்தவங்க."

சரி, கெடைச்ச வரைக்கும் லாபம்னு கையெழுத்தைப் போட்டேன். போட்டுட்டு நகந்திருக்கணும். முப்பது வருஷ கவர்மென்ட்டு உத்தியோகம் விடுமா? முத்திரை இல்லாத பேப்பரைப் பாத்தா எனக்கு அம்மணமா தெரியும். திரும்பி வந்து கேட்டேன்.

"சீல் இருக்கா?"

"இருக்கு. நேராப் போயி இடது பக்கம்."

அப்படியே உள்ள விட்டாங்க. நேராப் போயி இடது பக்கம் திரும்பினேன். ஒரு குளம். கரையில மீசை வெச்ச ஒரு கடல்நாய் மல்லாக்கப் படுத்துக்கிட்டு என்னைப் பாத்துச்சு. நான் மனுவோட அதைப் பாத்தேன்.

எத்தனையோ ஆபீசர் மொகத்தைப் பாத்திருக்கேன். இவ்வளவு பொறுமையா யாரும் என் மனுவைப் பாத்தது கிடையாது.

திரும்பி வந்து, மேசை மேல இருந்த ரப்பர் ஸ்டாம்பைக் கையால காட்டி, "இந்த சீல்!"னேன். அந்தம்மா பெருமூச்சு விட்டாங்க. ஸ்டாம்பை எடுத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்துல ஓங்கி ஒரு குத்து. நீலக் கலர், வட்டமா, நடுவுல இன்னொரு கரடி.

போட்டோ புடிச்சு அனுப்பும்போது மணி ரெண்டு பத்து.

சாயங்காலம் கயல் வந்தா. "விடிஞ்சதுலேருந்து உக்காந்திருந்தும் எங்க டீம்ல யாருமே கரடியைப் பாக்கலைம்மா"ன்னா. ஏப்ரனை மட்டும் துவைச்சு மடிச்சு, திருப்பிக் குடுத்துடுன்னு குடுத்தேன்.

மறுநாள் தம்பி போன் பண்ணான். குரலே ஒரு மாதிரி இருந்துச்சு.

"அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"ஏன்டா, தள்ளிட்டாங்களா?"

"மொத்தம் பதினாலு மனு. பதிமூணு பேரை வரிசையா நிக்க வெச்சு, ஒருத்தர் மனுவையும் முழுசாப் படிக்காம, 'நிராகரிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது'ன்னு எழுதிக்கிட்டே வந்தாரு தாசில்தார். நம்ம மனு கைக்கு வந்துச்சு. கலர் பிரிண்ட்டா வேற எடுத்துட்டேனா, பேனாவை மூடி வெச்சுட்டாரு."

"அப்புறம்?"

"'இது எந்த ஊரு கவர்மென்ட்டு?'ன்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? 'அக்கா ஐரோப்பாவுல இருக்காங்க சார்'னேன். 'மிருகத்துக்கும் இந்த ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?'ன்னாரு. 'தெரியாது சார், அக்கா பொண்ணுதான் மிருக ஆராய்ச்சி'ன்னேன். எந்திரிச்சு வெளியில போயி, யாருக்கோ போன் போட்டுட்டு வந்தாரு. எனக்கு நாற்காலி போடச் சொன்னாருக்கா!"

நாற்காலி! எங்க குடும்பத்துல அந்த மாதிரி ஆபீஸ்ல உக்காந்த மொத ஆளு என் தம்பிதான்.

"என்னதான் எழுதினாங்க?"

"'வெளிநாட்டு வனவிலங்கு அமைப்பின் ஆட்சேபணை வரப்பெற்றது. மேலிட அறிவுரைக்கு அனுப்பப்படுகிறது'ன்னு."

நடுவுல எங்க ஒரு ஏக்கரை விட்டுட்டு ரோடு தாண்டிக் குதிக்க முடியாதில்ல? அதனால மத்த பதிமூணு பேரு நிலமும் அப்படியே நின்னு போச்சு. பைல் கலெக்டர் ஆபீஸுக்குப் போச்சு, அங்கேருந்து சென்னைக்குப் போச்சு, இப்ப எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. செல்வம் குறுவை அறுத்து, சம்பாவும் நட்டுட்டான்.

அந்த மனுவுல கடைசிப் பாரா, போன தடவை நான் கையால எழுதினதைப் பாத்து வக்கீல் சேத்தது. எங்கப்பா வாங்கின அடியைப் பத்தி, போன ஜெயிலைப் பத்தி. அதை ஒருத்தரும் படிக்கல. கரடியைப் படிச்சிருக்காங்க.

இப்ப எங்க ஊர்ல யாருக்கு மனு எழுதணும்னாலும் என்கிட்டதான் வர்றாங்க. நானும் உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, மொதல்ல ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்: "எந்த மிருகம் போடட்டும்?"